அட்டை மாறிய பதினாறு சுண்டெலிகள்

15 ஜூன், சனி

கூடு மாற்றும் நாள். கூட ஆராய்ச்சி செய்யும் லிஜோ லீவு, பாறசாலையில் அவன் தங்கை கல்யாணம். பதினாறு சுண்டெலிகளையும் புது உமி போட்ட கூடுகளுக்கு நானே மாற்றினேன். பாதியில் நெஞ்சு பூட்டிக்கொண்டது. கழிவறைக்கு ஓடி, இன்ஹேலரை இரண்டு முறை இழுத்துவிட்டு வந்து, எது எந்த வகை என்று எழுதிய அட்டைகளைக் கூடுகளில் செருகி முடித்தேன்.

சுண்டெலி மூத்திரம்தான் எனக்கு ஒவ்வாமை என்று டாக்டர் சொல்லி ஏழு மாதம். என் கைடு ஷைலஜா மேடத்துக்குத் தெரிந்தால் எலியறைக்குள் விடமாட்டார். ஐந்து வருஷ ஆராய்ச்சி அதோடு போச்சு.

21 ஜூன், வெள்ளி

பதினாறையும் கொன்றேன். கழுத்தை அழுத்தி வாலை இழுத்தால் ஒரு சொடக்கு. ஒன்பதாவது என் விரலைக் கடித்துக் கிழித்தது. அதை மற்றவற்றைவிட அழுத்தி முறித்தேன். ஏன் அந்தக் கோபம்?

எட்டுக்கு மூச்சுக்குழாயின் உட்பக்க செல்களில் நான் ஆராயும் புரதம் உண்டு. மற்ற எட்டுக்குப் பிறவியிலேயே நீக்கியது. எல்லாவற்றின் மூக்கிலும் வீட்டுத் தூசிப்பூச்சியின் சாறு விட்டோம். என் கணக்குப்படி அந்தப் புரதம்தான் வீக்கத்துக்குப் பிரேக். அது இல்லாத நுரையீரல் வெந்து வீங்க வேண்டும்.

24 ஜூன்

நுரையீரல் செல்களை நுண்ணோக்கியில் எண்ணி முடித்தேன். தலைகீழ். புரதம் உள்ளவைதான் சளியும் வீக்கமுமாக நாசமாகியிருக்கின்றன.

கூட்டு அட்டைகளை லிஜோதான் மாற்றியிருக்கிறான். அடுத்த வருஷம் இங்கே வேலை எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான். வேறு யாருக்கு இதில் லாபம்?

25 ஜூன்

அடித்துவிட்டேன்.

லிஜோவை எலியறையில் வைத்துக் கேட்டேன். "எனக்கு என்ன ஆவசியம்?" என்று சிரித்தான். கூட்டின் இரும்பு மூடியால் வாயில் அறைந்தேன். உதடு பிளந்தது. மறுபடி ஓங்கினேன் — மூச்சு வரவில்லை. கத்த வாய் திறந்தால் விசில்தான் வந்தது. விழுந்தேன்.

என் கோட்டுப் பையைக் கிளறி இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தியவன் அவன்தான். அவன் ரத்தம் என் கன்னத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. "இழு எடி, இழு."

28 ஜூன்

வால் துண்டுகளில் டி.என்.ஏ. பார்த்தாச்சு. அட்டைகள் மாறித்தான் இருக்கின்றன. புரதம் இல்லாதவைதான் வெந்தவை. என் கணக்கு சரி.

ஆனால் லிஜோ தான் மாற்றிய ஒவ்வொரு சனியும் சுண்டெலியின் காதில் குத்திய எண்ணோடு அட்டையைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். எல்லாம் சரி. போட்டோ இல்லாதது ஜூன் பதினைந்து மட்டும். கழிவறையிலிருந்து வந்து, கண் இருட்டிக்கொண்டு, இரண்டு வகை அட்டைகளையும் மாற்றிச் செருகியது நான். படுபாவி, நான்தான்.

1 ஜூலை

மேடத்திடம் எல்லாம் சொன்னேன், ஆஸ்துமாவும். "எலியறைக்குள்ள நீ இனி கேறண்டா. இந்த ரிசல்ட் எடுக்க முடியாது. முதல்ல இருந்து செய்யணும்."

உள்ளே போய்க் கொல்ல முடியாதவள் எப்படிச் செய்வது?

3 ஜூலை

லிஜோவுக்குத் தையல் பிரித்துவிட்டார்கள். பேசினால் உதடு ஒரு பக்கம் இழுக்கிறது. மன்னிப்புக் கேட்டேன்.

புதிதாகப் பதினாறு வந்திருக்கின்றன. எலியறைக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போகும்முன் முகக்கவசத்தை இறக்கினான்.

"எங்கிட்ட ஒண்ணும் பேசண்டா. நான் கொல்லுதேன். நீ எண்ணு."