ரூட்டருக்குத் தைத்த உறை

தண்டையார்பேட்டை,
சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்புத் தம்பி சுஹைபுக்கு, அக்கா ஜெரினாவின் ஸலாம். ஜித்தாவில் உன் உடம்பையும் வேலையையும் அல்லாஹ் காப்பாற்றட்டும். போனில் பேசினால் உன் மச்சான் காதில் விழும். அதனால்தான் நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

வியாழக்கிழமை கன்டெய்னர் யார்டு ஆபீசில் விசாரணையின்போது இருந்தவர்கள் நான்கு பேர். மேலாளர் ஜெகதீசன், காவலாளி மாரியப்பன், உன் மச்சான் உசேன், சாப்பாடு கொண்டுபோன நான். ஐந்தாவது ஆள் இல்லை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, உன் மச்சான் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தபோது ரூட்டர் நின்றுவிட்டது. கேட் கம்ப்யூட்டர் எல்லாம் நாலு மணி நேரம் முடக்கம். லாரிகள் சாத்தாங்காடு வரை நின்றன. கன்டெய்னர்கள் ஏறாமலே கப்பல் போய்விட்டது. ரூட்டர் அலமாரியின் சாவி அவரிடம் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு மேலாளர், "இன்னா உசேன், தொழுகைக்கு ஓடுற அவசரத்துல ஒயர புடுங்கிட்டியா, இல்ல எவனாவது சொல்லி நிறுத்துனியா?" என்று கேட்டார். மாரியப்பன் பாவம், "பாய் வந்து தொறந்தப்போ பொட்டி தோசக்கல்லு மாதிரி சுட்டுகினு கெடந்துச்சு சார்" என்றார். "உன்ன கேட்டனா நைனா?" என்று மேலாளர் அவர் வாயை அடைத்துவிட்டார். உன் மச்சானோ தலையைக் குனிந்து, "தப்பு என்னுதுதான் சார்" என்றார்.

திங்கள் காலை பத்து மணிக்கு முடிவு சொல்வார்கள். வேண்டுமென்றே நிறுத்தியதாக எழுதிவிட்டால் இந்தத் துறைமுகத்தில் எந்த யார்டும் அவரைச் சேர்க்காது. மூன்று நாளாகச் சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

ரூட்டர் எழுதி வைத்த பதிவுத் தாள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். நீ போன வருடம் சொல்லித் தந்ததை வைத்து வரிவரியாகப் பார்த்தேன். ஒயரைப் பிடுங்கினால் பதிவு சொல்லாமல் அறுந்துபோகும் என்றாயே, இது அப்படி அறவில்லை. 12.41க்கு விசிறி நின்றது. 12.52க்குச் சூடு 78 டிகிரி. 1.05க்கு 91. 1.09க்கு, சூடு தாங்காமல் நிறுத்துகிறேன் என்று அதுவே எழுதிவிட்டு நின்றிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் பள்ளிவாசலில் தொழுகை ஸஃப்பில், வரிசையோடு வரிசையாக நின்றிருந்தார். அல்ஹம்துலில்லாஹ் என்று ஸஜ்தாவில் விழுந்தேன்.

எழுந்து மறுபடி முதல் தாளிலிருந்து பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆகஸ்ட் முழுக்கச் சூடு 51, 52. செப்டம்பர் நாலாம் தேதியிலிருந்து 63க்குக் கீழே இறங்கவே இல்லை. கேஸ் சிலிண்டர் மாற்றியது, அரிசி வந்தது எல்லாம் எழுதும் என் நோட்டைப் புரட்டினேன். செப்டம்பர் மூன்று: "யார்டு ரூட்டர் பெட்டிக்கு உறை தைத்துக் கொடுத்தேன்."

நிலக்கரித் தூசு படிகிறது என்று அவர் புலம்பியதால், என் பழைய துப்பட்டாவை இரட்டையாக மடித்துத் தைத்தேன் தம்பி. "பொட்டிக்குப் பெருநாள் சட்டையா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துப் போனார்.

இன்று காலை அவருடைய சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தபோது அடியில் அந்த உறை இருந்தது. விசிறி பக்கத்துத் துணி பழுப்பேறிக் கருகியிருக்கிறது. அலமாரியைத் திறந்த அன்றே எடுத்து ஒளித்துவிட்டார். அவருக்கு எல்லாம் தெரியும். என் பேர் அந்த அறையில் வரக்கூடாது என்றுதான் தலை குனிந்திருக்கிறார். உறையை மடித்துத் திரும்பப் பையிலேயே வைத்துவிட்டேன்.

ஆனால் ஜூலையிலேயே இரண்டு தடவை "விசிறி வேகம் குறைவு" என்று பதிவில் இருக்கிறது. அப்போது உறை கிடையாது. விசிறி தானாகச் செத்ததா, நான் மூடிச் சாகடித்தேனா? எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை. பதினாறு தாளையும் படம் எடுத்து இதோடு அனுப்புகிறேன். நீ பார்த்து, நடந்தது என்ன என்று மேலாளருக்கு ஒரு அறிக்கை எழுதி அனுப்பு. எனக்காக ஒரு வரியும் மாற்றாதே. உறைதான் காரணம் என்றால் அதை என் பேர் போட்டே எழுது. திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் ஒயரைப் பிடுங்கவில்லை என்பதை மட்டும் மேலாளருக்குப் புரிகிற மாதிரி முதல் வரியில் எழுது.

உன் கண்ணுக்கும் கைக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். நாளை மக்ரிப் தொழுகைக்குள் பதில் போடு.

உன் அக்கா,
ஜெரினா