அமுக்கிப் பிடித்துப் பார்க்காத பெடல்

என் பிரியமுள்ள அத்தான்,

நீங்கள் ஓட்டிய வேன் மறுபடியும் என் பட்டறைக்கு வந்திருக்கிறது. நசுங்கிய முகப்பைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். நீங்கள் கடைசியாக உட்கார்ந்து உயிரை விட்ட இடத்தில் புது சீட். சங்கரன்கோவிலில் இந்தப் பழைய வண்டியில் கைவைக்க வேறு ஆள் இல்லை என்று வேன் முதலாளிக்குத் தெரியும். அதனால் கூச்சமில்லாமல் பிரேக் வேலைக்கு என்னிடமே அனுப்பியிருக்கிறார்.

பனவடலிசத்திரம் தாண்டி ஆடுகள் குறுக்கே வந்தபோது நீங்கள் தூங்கிவிட்டீர்கள் என்றுதான் ஊரில் பேச்சு. போலீஸ் தாளிலும் ஓட்டுநரின் கவனக்குறைவு. தூங்குகிறவன், தன் பக்கம் மட்டும் புளியமரத்தில் மோதும்படி வண்டியைத் திருப்புவானா? பருத்தி எடுக்கப் போன பதினான்கு பெண்கள் உள்ளே இருந்தார்களே, அவர்களில் ஒருத்தியிடமாவது கேட்டார்களா? கூலிக்காரி சொல்வதை யார் எழுதுவார்கள்?

அக்காவே நம்பிவிட்டாள். "புள்ளைக்குக் காய்ச்சலுன்னு நாந்தாம்ல அவுகள விடிய விடியத் தூங்க விடல" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

இன்று காலை பெடலை மிதித்து, காலை எடுக்காமல் அப்படியே அமுக்கிப் பிடித்தேன். முதலில் கல்போல நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. சக்கரத்திலோ குழாயிலோ ஒழுகல் இல்லை. பிரேக் ஆயில் டப்பாவும் நிறைந்திருந்தது. அப்படியென்றால் கோளாறு, மிதியைச் சக்கரங்களுக்கு அழுத்தமாக அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளே. கழற்றினேன். ரப்பர் கப்புகள் ஊறி உப்பிப்போய், ஓரம் கிழிந்து கிடந்தன. மிதிக்கிற அழுத்தம் சக்கரத்துக்குப் போகாமல் அந்தக் கிழிசல் வழியே திரும்பிவிடும். டப்பா ஆயிலைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வைத்தேன். மேலே கறுப்பாக ஒரு படலம் பிரிந்து நின்றது. பிரேக் ஆயிலோடு சேரக் கூடாத எஞ்சின் ஆயில். ரப்பரைக் கெடுத்தது அதுதான்.

பிரேக் டப்பாவில் எஞ்சின் ஆயிலை ஊற்றியது யார் என்று முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"ஒங்க அத்தான் ஓட்டுறப்பவே நாந்தாம்ல ஊத்துனேன். ஆயிலுதான, எதுவா இருந்தா என்ன? அந்த ரப்பர் கிட்டு ஒன்ன மட்டும் மாத்தி விடு. நாளைக்குக் காலையில குருவிகுளத்துல ஆளு ஏத்தணும்."

"கிட்டு பத்தாது அண்ணாச்சி. நாலு சக்கரத்து ரப்பரு, ஓஸு டியூபு எல்லாம் மாத்தணும். பிரேக் லைனக் கழுவணும். மூணு நாளாவும்."

"ஒங்க அத்தான் இதே வண்டியத்தான ஓட்டுனான்? அவன் ஒன்னும் சொல்லலயே!"

சொன்னீர்கள் அத்தான். என்னிடம் சொன்னீர்கள். "மாப்ள, பெடலு எறங்குது வே. ரெண்டு குத்து குத்துனா நிக்கி. ஒங்க அக்கா மாதிரி, ரெண்டு தடவ கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்கும் போல!" நானும் சிரித்தேன். பிரேக் லைனில் அடைத்திருந்த காற்றை வெளியே எடுத்துவிட்டு, பெடலை நாலு குத்து குத்திப் பார்த்தேன். கட்டையாக நின்றது. "சரியாப் போச்சு அத்தான்" என்றேன்.

இங்கே எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறோம். குத்திப் பார்ப்போம், அமுக்கிப் பிடித்துப் பார்க்க மாட்டோம். குத்தினால் கிழிந்த கப்பும் கொஞ்ச நேரம் தாங்கும். ஒரு நிமிடம் காலை வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆட்கள் காத்திருப்பார்கள் என்று நீங்கள் அவசரப்பட்டீர்கள். நானாவது மறித்திருக்க வேண்டாமா?

நான்கு சக்கரங்களையும் கழற்றிவிட்டேன். வண்டி கல்மேல் நிற்கிறது. நாளை அது குருவிகுளம் போகாது. முதலாளி வெளியூரிலிருந்து வேறு மெக்கானிக்கைக் கூட்டி வருவாராம். வரட்டும்.

கிழிந்த கப்பையும் இந்தத் தம்ளரையும் எடுத்துக்கொண்டு முதலில் அக்காவிடம் போகிறேன். அவள் என் முகத்தில் விழிக்காமல் போனாலும் போகட்டும். பிறகு ஸ்டேஷன். ஆயில் ஊற்றியவர் பெயரைச் சொல்வேன். சரியாகப் பார்க்காமல் அனுப்பியவன் பெயரையும் சொல்வேன். நீங்கள் விழித்துத்தான் இருந்தீர்கள். அதை அவர்கள் எழுதும்வரை அந்த வாசலைவிட்டு நகர மாட்டேன், அத்தான்.

"சரியாப் போச்சு" என்று உங்களை அனுப்பிவைத்த
உங்கள் மச்சினன்,
செல்வம்