பாளையா, வேலூரா

1979 நவம்பர் 12, திங்கள்

காலையில் தூறல். கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு, பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் கால் இரண்டும் கனம். 6-பி விடைத்தாள் திருத்தப் பாதி பாக்கி. மண்ணெண்ணெய் தீர்ந்தது.

மாலை எஸ்.ஐ. வந்தார். தம்பி சண்முகத்தை வேலூர் ஜெயிலில் இருந்து பாளைக்கு மாற்றக் கேட்டு அப்பா போட்ட மனு, விசாரணைக்கு வந்திருக்கிறது. காபி வேண்டாம் என்றார், பிறகு குடித்தார். "செத்துப் போன ரயில்வே கேங்மேன் வீட்ல ஆட்சேபணை இல்லைன்னா எழுதி அனுப்பிருவேன். அவிய வேண்டாம்னா கஷ்டம்."

அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றவில்லை. வேலூர்ப் பயணம் இனி நடக்காது. தம்பியைப் பார்த்து இரண்டு வருஷம். பாளை என்றால் காலையில் போய் சாயங்காலம் திரும்பலாம். எனக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரியாது.

நவம்பர் 14, புதன்

குழந்தைகள் தினம். மிட்டாய், பேச்சுப் போட்டி, மைக் வேலை செய்யவில்லை.

டீச்சர்கள் அறையில் ஹெச்.எம். பேப்பரை மடித்துக்கொண்டே, "தண்டவாளத்துல குண்டு வச்சவனுக்கு ஊருப் பக்கத்துல ஜெயிலா? எங்கயாவது கண்காணாத இடத்துல போடணும்." நான் இருப்பதைப் பார்த்து, "பொதுவாச் சொன்னேன்மா." கணக்கு டீச்சர்: "தூரத்துல போட்டா தண்டனை அவனுக்கா, பெத்தவுகளுக்கா சார்?" மணி அடித்தது. எல்லோரும் எழுந்தோம். அவர்கள் வேறு யாரையோ பற்றிப் பேசுவது மாதிரி இருந்தது எனக்கு.

வீட்டில் சித்தப்பா. தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறார். உட்காரவே இல்லை. "வேலூர்லயே கெடக்கட்டும்ணே. இங்கன கொண்டாந்தா, குண்டுக்குக் குளோரேட்டு மருந்து எங்க இருந்து போச்சுன்னு போலீஸ்காரன் மறுபடியும் என் ஆபீசுல வந்து நிப்பான்." சித்தப்பா போன பிறகு அப்பா என்னிடம், "அவனுக்கு அவன் பயம்."

நவம்பர் 17, சனி

வெயில். துணி எல்லாம் காய்ந்தது. போர்வை துவைத்தேன்.

அப்பா என்னிடம் சொல்லாமல் பசுவந்தனைக்கு பஸ் ஏறிவிட்டார். கேங்மேன் மனைவி செல்லத்தாய் அங்கே தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். போனது தப்பில்லை. வெற்றிலை பாக்குத் தட்டோடு போயிருக்கிறார். எங்கள் வீட்டில் யாரிடம் எதைக் கேட்டாலும் தட்டு வைத்துத்தான் கேட்பது. கை பழகிப்போய் மஞ்சளும் குங்குமச் சிமிழும் கூட எடுத்து வைத்திருக்கிறார். தாலி அறுத்தவள் முன்னால். அறுக்க வைத்தவனைப் பெற்றவர்.

திரும்பி வந்து அப்பா, "எடுத்துக்கிட்டாட்டி. ஒரு வார்த்தை பேசல, எடுத்துக்கிட்டா. ஊரு முன்சீப்பும் கூட இருந்தாரு. வெத்தலை வாங்குனா சம்மதந்தானன்னு அவரே சொல்லிட்டாரு."

அப்பா இரவு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

நவம்பர் 18, ஞாயிறு

முன்சீப் சொன்னதை வைத்து எஸ்.ஐ. அறிக்கை எழுதிவிட்டாராம். நாளை மறுநாள் அனுப்புவார். அப்பா சவரம் செய்துகொண்டார். தம்பிக்குக் கொண்டுபோக வேண்டியதைச் சொல்லச் சொல்ல எழுதினேன்: வேட்டி 2, பல்பொடி, எள்ளுருண்டை, ஊறுகாய் (விடுவார்களா, கேட்க வேண்டும்), மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு.

சந்தோஷப்பட முயன்றேன். வரவில்லை. துக்கமும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது மாதிரி நாள் போகிறது.

நவம்பர் 19, திங்கள்

மேகமூட்டம். முதல் பீரியட் இலக்கணம். நாலு பேர் வரவில்லை.

மதியம் செல்லத்தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கோர்ட்டில் பார்த்தது, உடனே தெரிந்தது. 6-பி காலியாக இருந்தது. உள்ளே கூட்டிப்போனேன். பையன்களின் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், நான் சம்மதிக்கல. இந்த மூணு வருசமா ஒருத்தரும் என் முன்னால தட்டு வச்சதில்ல. பெரியவரு வச்சாரு, கை தானாப் போயிட்டு. அத வச்சு எழுதிக் குடுத்துட்டாவளாம்."

அவளுக்கு ரயில்வேயில் வேலை கொடுத்திருக்கிறார்கள். திருநெல்வேலி ஜங்ஷனில், பெண்கள் வெயிட்டிங் ரூமில். ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

"பாளைக்குப் போறதுன்னா அங்கனதான எறங்கணும்? மாசத்துக்கு ரெண்டு தடவை ஒங்க அப்பா பையத் தூக்கிட்டு என் கண்ணு முன்னால எறங்குவாரு. மவனப் பாக்கப் போறாருன்னு எனக்குத் தெரியும். நான் யாரப் பாக்கப் போவேன்?"

மனு எழுத வேண்டும் என்றாள். ஏன் என்னிடம் என்று கேட்டேன்.

"வேற யாருகிட்ட போனாலும் ஊரு பூரா தெரிஞ்சிரும். பெரியவரு மொகத்துல முழிக்க ஏலாது. நீங்கதான் வெளிய சொல்ல மாட்டீய."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான்.

எழுதினேன். 'என் கணவர் இறந்துபோன வழக்கில்' என்று படித்துக் காட்டியதும் நிறுத்தினாள். "அவரா சாகல டீச்சர். தண்டவாளத்துல கெடந்தத ரயிலு வாரதுக்குள்ள எடுத்துத் தூரப் போடப் போனாரு. கொன்னாவன்னு எழுதுங்க." வேறு தாள் எடுத்தேன். 'என் கணவரைக் கொன்ற கைதி சண்முகத்தை வேலூரிலேயே வைத்திருக்க வேண்டும்.' நல்ல கையெழுத்து. அவனுக்கு 'ச' போடக் கை பிடித்துச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

வேலைக்காகப் பழகிய கையெழுத்தை மெதுவாகப் போட்டாள். மிச்சம் இருந்த சோற்றைப் பாதி கொடுத்தேன். சாப்பிடவில்லை. தண்ணீர் குடித்தாள்.

நாலரை மணிக்கு ரயில்வே ஸ்டேஷன் வாசல் தபால் பெட்டியில் போட்டேன். எஸ்.ஐ.க்கு ஒன்று, ஜெயில் மேலதிகாரிக்கு ஒன்று.

அப்பா வாசலில் நின்றிருந்தார். ஏன் லேட் என்றார். பையன் ஒருவனின் அம்மா வந்திருந்தாள் என்றேன்.

"ஏட்டி, ஆர்டர் வந்ததும் மொதத் தடவை நீயும் வாரியா? லீவு இருக்குல்லா?"

"இருக்குப்பா. வாரேன்" என்றேன்.