வலது கரை

மார்ச் 3, ஞாயிறு

எங்கள் வீட்டு ஹாலில் கூட்டம். பழைய மோட்டார் படகு வைத்திருக்கும் ஏழு குடும்பங்களும் வந்திருந்தன. ஒன்பது வருடமாக ஒரே ஏரியைச் சுற்றிச் சுற்றி வருகிறோம், இந்த வருடம் ஆற்றில் போனால் என்ன என்று பல் டாக்டர் ஆரம்பித்தார். எல்லோரும் உடனே சரி என்றார்கள். உடனே! போன வருடம் மதியச் சாப்பாட்டை மரத்தடியில் வைப்பதா படகிலேயே வைப்பதா என்று அரை நாள் அடித்துக்கொண்ட கூட்டம் இது. எனக்குத் தெரியாமல் முன்னாலேயே பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

எங்களில் ஆற்றைத் தெரிந்தவள் ஒருத்திதான். என் ஓரகத்தி. ஆற்றங்கரையில் பிறந்தவள், அவள் அப்பா மணல் படகு ஓட்டியவர். அவள் மட்டும் வாயே திறக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டம் எப்பவும் போல அண்ணிதான் போடணும்" என்றார் கொழுந்தன். "எப்பவும் போல" என்பதை ஏன் அப்படி அழுத்த வேண்டும்?

மார்ச் 6

திட்டம் போடுவது என்றால் இவர்களுக்கெல்லாம் கிழமை சொல்வது என்று நினைப்பு. படகை இறக்க நல்ல சரிவு இருக்கிறதா, பாலத்துக்கு அடியில் உயரம் போதுமா, பெட்ரோல் எங்கே கிடைக்கும், பெண்களுக்குக் கழிப்பிடம் எங்கே, மரப்படகு எந்தெந்த வாரம் தண்ணீரில் ஊற வேண்டும் (காய்ந்த பலகை ஊறி உப்பினால்தான் இடுக்கு மூடும், இல்லாவிட்டால் கால் நனைந்துகொண்டே பிக்னிக்) — அத்தனையும் நான் பார்க்கிறேன். அதனால்தான் முன்னால் போகும் படகு எப்போதும் எங்களுடையது.

இன்று ஓரகத்தி போன் செய்தாள். "அக்கா, ஆத்துல மெதுவா போற படகை முன்னால விட்டா யாரும் பின்தங்க மாட்டாங்க." ஏழு படகில் மெதுவானது எது? அவர்களுடையது. அதற்கு ஆமை என்று பெயர் வைத்ததே நான்தான்.

அவளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழப் பார்க்கிறது. யோசிக்கிறேன் என்றேன்.

மார்ச் 7

இவரிடம் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். என் தொழில் அப்படி. இருபது வருடமாக டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் பங்குக்கு இருக்கும் பிரேக்கில் கால் வைத்தபடியே வேலை செய்கிறேன். ஓட்டுகிறவன் இதோ தப்பு செய்யப்போகிறான் என்று நினைத்துக்கொண்டே இருப்பதால்தான் நான் இன்னும் முழுசாக இருக்கிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

வழி பார்க்க நானும் இவரும் மட்டும் ஆற்றுக்குப் போனோம். ஆமை ஊறலில் கிடப்பதால் அவர்கள் வரவில்லை. போவதற்கு முன் ஓரகத்தியிடம் கேட்டேன், அவளும் தெளிவாகச் சொன்னாள்: "பாலம் தாண்டி மேல ஏறும்போது வலது கரையை ஒட்டியே போங்க அக்கா. ஆழம் அங்கதான்."

வலது பக்கம் ஒட்டினேன். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. அடியில் கரகரவென்று ஒரு சத்தம், பல்லைக் கடிக்கிற மாதிரி. கூழாங்கல் மேடு. இஞ்சின் உதறி நின்றது. இவர் இறங்கினார் — முழங்கால்கூட நனையவில்லை. ஆழமாம் ஆழம்! புரொப்பல்லரின் ஒரு இதழ் புத்தகத்தில் மூலை மடங்கிய பக்கம் மாதிரி வளைந்துவிட்டது.

அங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு எங்கே ஆழம் எங்கே மேடு என்று தெரியாதா? தெரிந்தே சொல்லியிருக்கிறாள். முதல் தடவையே நான் தரைதட்டினால், ஆறு உனக்குச் சரிப்படாது என்று எல்லோரும் சொல்வார்கள். அப்புறம் யார் முன்னால்?

கட்டையில் இடித்தது என்றுதான் வெளியே சொல்ல வேண்டும் என்று இவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவள் ஜெயித்தாள் என்று அவளுக்கே தெரியக்கூடாது.

மார்ச் 19

கட்டைக் கதையைக் கேட்டதும் ஓரகத்தி என்ன சொன்னாளாம்? "அந்தப் பக்கம் கட்டையா? எப்படி வரும்?"

பார்த்தாயா. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது.

மார்ச் 24

பரீட்சை வைத்தேன். கொழுந்தன் வீட்டுக்குப் போய், எதுவும் நடக்காதது போல, ஓரகத்தியிடம் வழியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். கண் சிமிட்டவில்லை. பாலத்துக்கு மேலே வலது கரை — அதே பொய், அதே குரல். பிறகு புதிதாக ஒன்று: மேலே ஒரு தீவு இருக்கிறதாம், ஆறு அங்கே இரண்டாகப் பிரிகிறதாம். "போகும்போது பெரிய வழியா போயிடுங்க. திரும்பும்போது சின்ன வழியா வரலாம் அக்கா, ரெண்டு பக்கமும் மரம், நிழலா இருக்கும். ஆனா இடது கரையை விட்டு நகரக்கூடாது."

தேன் ஒழுகுகிறது. நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். எனக்கும் நடிக்கத் தெரியும்.

மார்ச் 26

பல் டாக்டரின் கிளினிக் வாசலில் ஓரகத்தி நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் இருந்த டிரைவிங் ஸ்கூல் கார் அந்தத் தெருவில் திரும்பியதும் இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள். பல் வலி என்றால் உள்ளே போக வேண்டியதுதானே?

மாணவி கிளட்ச்சை விடுவதற்குள் நான் பிரேக்கை அழுத்திவிட்டேன். பாவம், அவள் தப்பே செய்யவில்லை.

மார்ச் 30, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

புது புரொப்பல்லர் போட்டுக்கொண்டு மறுபடி ஆற்றுக்குப் போனேன். பாலம் தாண்டியதும் அவள் சொன்னதற்கு நேர்மாறாக என் இடது கைப் பக்கமே ஒட்டிப் போனேன். கண்ணாடி மாதிரி தண்ணீர், அடியே தெரியவில்லை. துடுப்பை முழுசாக விட்டும் தரை எட்டவில்லை. தீவின் நுனி வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். சின்ன வழியில் நுழைய நேரமில்லை, தேவையுமில்லை. அவள் பொய்யிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது: வலது என்றால் இடது, இடது என்றால் வலது. திருப்பிப் போட்டால் உண்மை.

இவர், "இவ்வளவு ஒழுங்கா பொய் சொல்றவளை நான் பார்த்ததே இல்ல. நேரா அவகிட்டயே கேட்டா என்ன?" என்றார்.

கேட்டால் உஷாராகி மாற்றிவிடுவாள். ஆண்களுக்கு இது புரியாது.

ஏப்ரல் 6

நாளை. ஏழு படகுக்கும் வரிசை சொல்லிவிட்டேன். நான் முதல், பல் டாக்டர் இரண்டாவது, ஆமை கடைசி. எல்லோரும் என் படகு போன தடத்திலேயே வர வேண்டும்.

ஓரகத்தி என்னைத் தனியாக அழைத்தாள். "அக்கா, திரும்பும்போது மட்டும் நான் உங்க படகுல ஏறிக்கட்டுமா? அந்தச் சின்ன வழி கொஞ்சம் ஏமாத்தும்."

யார் ஏமாற்றுவது, வழியா? ஸ்டியரிங்கைத் தொடத் துடிக்கிறாள். இடமில்லை என்றேன். நான்கு பேர் உட்காரும் படகு, போகப்போவது நாங்கள் இரண்டு பேர். அவளுக்கும் அது தெரியும். சரிக்கா என்று போய்விட்டாள்.

ஏப்ரல் 7

என்னால் முடியவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 8

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வார்னிஷ் பளபளக்க ஏழு படகும் ஒரே கோடாக ஏறிப் போனோம். பாலத்தில் போனவர்கள் நின்று கையசைத்தார்கள். "ஆத்தை மனப்பாடம் பண்ணிட்டீங்களே" என்றார் பல் டாக்டர். தீவில் சாப்பிட்டோம். ஓரகத்தி எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நான் அதைக் குடிக்காமல் கீழே வைத்தேன். இதை எழுதத்தான் வேண்டும்.

திரும்பும்போது சின்ன வழி. இடது கரை என்றிருந்தாள், நான் வலது பக்கம் ஒட்டினேன். பின்னால் ஆமையின் ஹாரன். நீளமாக, விடாமல். நாடகம் ஆடுகிறாள் என்று நினைத்தேன். வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

முதலில் நான் கல் மேட்டில் ஏறினேன். பின்னாலேயே பல் டாக்டர், என் தடத்திலேயே, நான் சொன்னபடியே. அவர் படகின் அடிப்பலகை பிளந்த சத்தத்தை நான் கேட்டேன். டாக்டருக்கு அவர் மாமனார் கொடுத்த படகு, அவர் மனைவி அதில் விரல் தடம் விழவும் விடமாட்டாள். உள்ளே தண்ணீர் ஏற ஏற அவள் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது படகும் சிக்கியது. மற்றவர்களை ஓரகத்திதான் கத்தி நிறுத்தினாள்.

உடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தாள். "இடது கரைன்னு சொன்னேனே அக்கா."

"நீ சொன்னதாலதான்டி இந்தப் பக்கம் வந்தேன்! போன தடவை வலதுன்னு சொல்லி என் படகைக் கல்லுல ஏத்தினியே, மறந்துபோச்சா? உன் பொய்யைத் திருப்பிப் போட்டுத்தான் காலையில எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன்!" எல்லார் முன்னாலும் கத்தினேன். ஒரு வார்த்தையும் மிச்சம் வைக்கவில்லை.

அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"கட்டை இல்லையா அப்ப அது" என்றாள். பிறகு, "அக்கா, ஆத்துல கரைக்குப் பேரு தண்ணி ஓடுற பக்கம் பார்த்து வைக்கிறது. ஏறிப் போனாலும் இறங்கி வந்தாலும் வலது கரை வலது கரைதான். ஏறிப் போறப்ப அது உங்க இடது கைப் பக்கம் இருக்கும். எங்க ஊர்ல சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதான் உங்களுக்குச் சொல்லணும்னு தோணல."

அதாவது ஏறும்போது நான் திருப்பிப் போட்டது சரியாக வந்தது. இறங்கும்போது அவள் சொன்னது நேராகவே சரி. இருபது வருடமாக "வலது, வலது" என்று கத்துகிறேன் — ஓட்டுகிறவன் கைதான் வலது எனக்கு. ஏரியில் கரைக்குப் பெயரே கிடையாது.

பல் டாக்டர், என்ன நினைத்தாரோ, "முன்னால போகச் சொல்லி நாங்கதான் உங்க ஓரகத்தியைக் கேட்டோம். அக்கா மனசு கஷ்டப்படும்னு மாட்டேன்னுட்டாங்க" என்றார்.

"எனக்கு ஆசை இல்லாம இல்ல" என்றாள் அவள். "ஆசைதான். ஆசைப்பட்டா உங்களைக் கல்லுல ஏத்திடுவேனா?"



ஏப்ரல் 9

வேலைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

போய் மன்னிப்புக் கேட்டேன். கொழுந்தன் நாற்காலி போட்டார். அவள் "வாங்க" என்றாள், "உட்காருங்க" என்றாள், "பரவாயில்லைங்க" என்றாள். அக்கா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினாள், விருந்தாளியை அனுப்புகிற மாதிரி.

வீட்டுக்கு வந்து அழுதேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 28

திட்டப் பொறுப்பை விட்டுவிட்டேன். நானே சொன்னேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மே 12

பல் டாக்டரின் படகைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உப்புத்தாள் தேய்க்கிறேன். டாக்டர் மனைவி இன்னும் முகம் கொடுக்கவில்லை. ஆனால் இன்று, நான் தேய்த்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது என்றாள். மறுபடி தேய்த்தேன்.

மே 26

கூட்டம். இந்த முறை கொழுந்தன் வீட்டில். மறுபடி ஆறு. ஓரகத்திதான் வழி சொன்னாள். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு தடவை: "வலது கரை, அதாவது ஏறும்போது உங்க இடது கைப் பக்கம்." என்னைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்து. கேட்டவர்கள் சிரித்தார்கள். கேலி செய்கிறாளா?

எழுதிவிட்டு மறுபடி படித்தேன். கேலி செய்திருந்தாலும் செய்யட்டும்.

ஜூன் 16, ஞாயிறு

ஆமை முதலில், நாங்கள் கடைசி. கடைசியில் போவது இவ்வளவு அழகாக இருக்கும் என்று தெரியாது — முன்னால் ஆறு படகின் அலையும் வந்து நம் படகைத் தாலாட்டுகிறது. மெதுவாகப் போனதால் ஒருவரும் பின்தங்கவில்லை. பல் டாக்டரின் படகும் வந்தது.

காலையில் சரிவில் படகை இறக்கிக்கொண்டிருந்தபோது ஓரகத்தி பக்கத்தில் வந்தாள். "மழை வரும்போல இருக்கு அக்கா, குடை எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். காரிலிருந்து குடையை எடுத்துப் படகில் வைத்தேன்.

பகல் முழுக்க வெயில் கொளுத்தியது. ஒரு துளி விழவில்லை. வீட்டுக்கு வந்ததும், "என்ன, ஏன் அப்படிச் சொன்னான்னு இன்னும் ஆரம்பிக்கலையே?" என்று இவர் சிரித்தார்.

குடையை எடுக்கும்போது நான் வானத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. இவர் கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.