கேட்டுவிட்டு எடுக்கலாம் என்றாய்

நான் வேலை பார்க்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. அதோடு பெங்களூரிலிருந்து ஓனர் சார் வாங்கி வந்த பிளாப்பிப் பெட்டிகளில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். அட்டையில் அதே படம். சிறகு விரித்த பெரும்பாம்பு, அதன் முன்னால் வாளேந்திய நான்கு பேர். உன் கட்டிலுக்கடியில் கிடந்த விளையாட்டு இப்போது கம்ப்யூட்டர் விளையாட்டாகிக் கடைக்கு வந்துவிட்டது. முறையாக உரிமை பெற்றது என்று கீழே ஆங்கிலத்தில் சிறிய எழுத்து. அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தேன். நாம் கேட்டுக் கிடைக்காதது அது ஒன்றுதான்.

கப்பலில் வேலை பார்த்த உன் மாமா கொண்டுவந்த விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாக நின்று, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இதய வால்வு பழுதென்று டாக்டர் சொல்லி, என்னோடு படித்த உன்னை இரண்டாம் வருடத்தோடு கல்லூரியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அதியமான்கோட்டையில் உன் அப்பாவின் பஞ்சர் கடைக்குப் பின்னால்தான் வீடு. பட்டம் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நான் ஞாயிற்றுக்கிழமைகளில் நல்லம்பள்ளியிலிருந்து பஸ் ஏறி வருவேன். நீங்கள் சர்ச்சில் பூசை முடிந்து வந்திருப்பீர்கள். உன் தங்கைகள் இருவரும் நானும் ஆட்கள். நீ கதை சொல்பவள்.

விளையாட்டோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தில் இருந்த மதுக்கடையை நீ பாப்பாரப்பட்டிச் சந்தையாக்கினாய். மந்திரவாதி அங்கே புளி விற்றுக்கொண்டிருந்தான். "கொறச்சுக் கேக்காதீங்கடி, கல்லாக்கிப்புடுவான்" என்பாய். என் முறை வந்தால் நான், "சும்மா நிக்கிறேன்" என்பேன்.

"ஏய் ஊமச்சி, சும்மா நிக்கறவளையும் பாம்பு கடிக்கும். வாயத் தொறந்து சொல்லு. நீ என்ன பண்ற?"

கல்லூரியில் இருந்த வருடங்களில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

உன் அம்மா மட்டும் பகடைச் சத்தம் கேட்டால் அடுப்படியிலிருந்து வந்துவிடுவார்கள். "பொட்டப் புள்ளைங்க பகட உருட்டுனா வூடு வெளங்குமா?"

"இது கணக்குப் பாடம்மா. வேணும்னா அவளக் கேளு, டிகிரி முடிச்சவ."

நான் தலையாட்டுவேன்.

நான் டைப்ரைட்டிங் பழகப் போன இதே இன்ஸ்டிடியூட்டில் டிவியோடு இணைக்கிற சின்னக் கம்ப்யூட்டர் வந்து, நான் அதில் புரோகிராம் எழுதப் பழகியபோது, இந்தக் கதையை அதற்குள் ஏற்றலாம் என்றது நீதான். நீ சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டுபோய், கம்ப்யூட்டரில் தட்டி, பாட்டுக் கேசட்டில் பதிந்துவைப்பேன். ஆங்கில எழுத்தில் தமிழ். வடக்கே போ, கதவைத் திற. நாம் நினைத்து வைக்காத எதைத் தட்டினாலும் 'புரியவில்லை' என்று திரையில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓனர் சார் கம்ப்யூட்டரையும் டிவியையும் உன் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார்.

"என்னடி இது, எதக் கேட்டாலும் புரியலைங்குது? எங்க பெரியப்பா மாரியே இருக்குது" என்று சிரித்தாய். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. மூச்சு அடங்கியதும் சொன்னாய். "நான் இந்த ரோட்டத் தாண்டப் போறதில்ல. இது போவட்டும். பேரு தெரியாத ஊர்ல எவளாவது ஒருத்தி உக்காந்து ஆடட்டும்."

ஓனர் சாருக்குப் பிடித்துவிட்டது. "பெங்களூர்ல ஒரு கடைக்காரரு கேசட் போட்டு விப்பாருங்க. குடுத்தரலாம்" என்றார். நீதான் ஒப்பவில்லை.

"அவங்க புஸ்தகம் சார். கேட்டுட்டு எடுக்கலாம்."

"யாருங்க வந்து பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்காட்டியும் அவங்குளுதுதான சார்."

விளையாட்டுப் பெட்டியில் இருந்த கம்பெனி விலாசத்துக்கு அனுமதி கேட்டு எழுதினாய். பதிலுக்குக் காத்திருந்த மாதங்களில் கதையில் வரும் இடங்களை ஒவ்வோர் அறையாகச் சொல்லி முடித்தாய், ஒன்று தவிர. "கடைசி ரூம் மட்டும் பர்மிசன் வந்தப்பறம் சொல்றேன். அதுவரைக்கும் கேக்காத" என்றாய். மேசையில் ஆடும்போதுகூட நாங்கள் அதுவரை போனதில்லை.

பதில் வந்தது. மரியாதையான ஆங்கிலம். கம்ப்யூட்டர் விளையாட்டாக்கும் உரிமை முழுவதையும் வேறொரு கம்பெனிக்குக் கொடுத்தாகிவிட்டது, ஆகையால் மற்றவர்கள் விற்கவோ இலவசமாகத் தரவோ கூடாது. நீ திரும்பத் திரும்பப் படித்தாய். "ரெண்டு எடத்துல நன்றி சொல்லியிருக்காங்க பாரு" என்றாய்.

"பேர மாத்திரலாம்டி. அந்தப் பாம்ப எடுத்துரலாம். மிச்சமெல்லாம் உன்னுதுதான?"

வெளியே உன் அப்பா டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது என்னுது, எது அவங்குளுதுன்னு எனக்கே தெரியலையே புள்ள. இத்தன நாளு எல்லாம் ஒண்ணாவே சொல்லிட்டனே."

அதற்குப் பிறகு நீ கதை சொல்லவில்லை. தங்கைகள் கெஞ்சியும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு நாள் உன் கட்டிலருகே உட்கார்ந்து, "கடைசி ரூம்ல என்னடி இருக்குது, எனக்காச்சும் சொல்லு" என்று கேட்டேன். "வுடு புள்ள" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். என்னிடம் நீ பேசிய கடைசி வார்த்தை அது. உன்னைப் புதைத்த அன்று உன் அப்பா என்னைப் பார்த்து, "உன்னோட இருக்கையிலதான் பாப்பா, அவ சிரிப்பா" என்றார். அதற்கும் நான் ஊமையாகவே நின்றேன்.

உரிமை பெற்று வந்திருக்கும் விளையாட்டை நேற்று ஆடிப் பார்த்தேன். அழகான படங்கள். வெட்டினால் ரத்தம்கூட வருகிறது. புளி விற்பவன் இல்லை, சந்தையும் இல்லை. ஒரு மூலையில் போய்ச் சும்மா நின்றேன். ஏதோ ஒன்று வந்து கொன்றுவிட்டுப் போனது. தோற்றுவிட்டாய் என்றது. அவ்வளவுதான்.

பிறகு பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து நம் கேசட்டைப் போட்டேன். நாடா பூஞ்சை பிடித்திருந்தும் ஓடியது. இனி எத்தனை முறை ஓடுமோ தெரியாது. வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. உன் வார்த்தைகளின் வழியே வடக்கே போய், படியிறங்கி, கடைசிக் கதவைத் திறந்தேன். வெறும் கறுப்புத் திரை. உனக்காக நான் காலியாக விட்டிருந்த வரி.

ஒரு வாக்கியம் எழுதினால் போதும், விளையாட்டு முடிந்துவிடும். வேலை என்று பார்த்தால் அரை நிமிடம்கூட ஆகாது. விசைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது உன்னுடைய அறை. கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். யாரைக் கேட்பது?