பத்து கோல், பன்னிரண்டு ஓரப்புள்ளி

கூரம்பின், யாரபின் மாவட்டம், விக்டோரியா
12 அக்டோபர் 2022

அன்புள்ள ஏவிஸுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்கு முட்டிவலியைக் காரணம் சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் முட்டியால் யாரும் கடிதம் எழுதுவதில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு, பள்ளிக்கூட வழக்கப்படி சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. நீ கேட்ட சாம்பியன் பட்டியல் எந்த நிலையில் இருக்கிறது.
2. 1967 இறுதி ஆட்டத்தின் புள்ளிக் கணக்கில் நேர்ந்த பிழை, அது யாருடையது.
3. அந்தப் பிழை எனக்கு எப்போது தெரிந்தது.
4. உன்னிடம் நான் கேட்க வேண்டிய ஒன்று.

முதலாவது. யாரபின் மாவட்டக் கால்பந்துச் சங்கம் இந்தப் பருவத்தோடு மூடப்படுகிறது. எட்டு ஊர் ஆடிய இடத்தில் மூன்று ஊர்தான் மிச்சம். அந்த மூன்றிலும் களத்துக்குப் பதினெட்டுப் பேர் தேறவில்லை. போன மாதம் ஓர் ஊர் தபால்காரரையும் அவருடைய மருமகனையும் இறக்கித்தான் ஆடியது. மூடுவதற்கு முன் 1923 முதல் இன்றுவரை பட்டம் வென்ற அணிகளின் பட்டியலை ஒரு சிறு புத்தகமாக அச்சிடலாம் என்று தீர்மானித்தார்கள். நாற்பத்தொரு ஆண்டு செயலாளராக இருந்தவன் என்பதால் வேலை என்னிடம் வந்தது. போருக்காக ஆட்டம் நின்ற நான்கு ஆண்டுகளை விட்டுவிட்டேன். 1946இல் தல்லவின்னா அணிக்குத் தலைவர் யார் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. மற்றபடி முடிந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். யாராவது ஒருமுறை சரிபாருங்கள் என்று சங்கத் தலைவி டோனாவிடம் கேட்டேன். "நீங்க பாத்த பிறகு நாங்க வேற பாக்கணுமா கிளெம்? இந்தச் சங்கத்துல தப்பே பண்ணாத ஒரே ஆளு நீங்கதான்!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

1967ஆம் ஆண்டுப் பக்கத்தில் உன் அண்ணன் ரெக்ஸின் கடைசி உதையைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டிருந்தாய். 'கம்பத்தில் அடித்தவன்' என்ற பெயர் உன் அம்மாவைக் கல்லறைவரை விடவில்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த ஒரு புள்ளி மட்டும் கிடைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வீட்டில் இருந்திருப்பான் என்று அவர்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அந்த வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் வெளியே போய் நின்றேன்.

இரண்டாவது விஷயம் அந்த ஒரு புள்ளியைப் பற்றித்தான்.

ஐம்பத்தைந்து ஆண்டு ஆகிவிட்டதால், உனக்குத் தெரிந்ததையும் முறையாகவே சொல்கிறேன். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பம். நடுக் கம்பங்களுக்கு இடையே பந்து போனால் கோல், ஆறு புள்ளி, இரண்டு கொடி. ஓரத்தில் போனாலும் கம்பத்தில் பட்டாலும் ஓரப்புள்ளி, ஒன்றே ஒன்று, ஒரு கொடி. அந்த முனையில் நிற்கும் கோல் நடுவர் கொடி அசைப்பார். எதிர் முனை நடுவர் பதிலுக்கு அசைப்பார். பிறகு இருவரும் தத்தம் அட்டையில் ஒரு கோடு போட வேண்டும். நம் ஊர் கூரம்பினுக்காக நான் நின்றேன். தல்லவின்னாவுக்காக அவர்கள் ஊர்க் கசாப்புக் கடைக்காரர் ஆல்வின் நோஸ்கெ நின்றார்.

அன்றைய வடகாற்றை நீ மறந்திருக்க மாட்டாய். ஸ்கோன் ரொட்டித் தட்டுகளின் மேல் துணியைப் போட்டு, நீயும் உன் அம்மாவும் நான்கு மூலைக்கும் கல் வைத்தீர்கள். மூன்றாம் பகுதி ஆட்டத்தில் புழுதி எழும்பி, புள்ளிப் பலகையின் தகர எண்களை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டது. அதன் பிறகு மைதானத்தில் கணக்கு என்று இருந்தது எங்கள் இரண்டு அட்டைகள் மட்டுமே.

அந்த நேரத்தில்தான் நம் பையன் ஒருவன் உதைத்த பந்து என் முனையில் ஓரமாக உருண்டு போனது. ஒரு கொடி அசைத்தேன். தூரத்தில் ஆல்வினின் வெள்ளைக் கோட்டும் ஒரு கொடியும் மங்கலாகத் தெரிந்தன. கோடு போடப் போனேன். பென்சில் முனை உடைந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த மொட்டை முனையாலேயே ஒரு கீறல் கீறியிருப்பார்கள். எனக்கு அட்டை சுத்தமாக இருக்க வேண்டும். பேனாக்கத்தியை எடுத்துச் சீவினேன். சீவி முடிப்பதற்குள் பந்து திரும்பி வந்து நடுவே பாய்ந்தது. வேலியோரம் நின்ற கார்கள் எல்லாம் ஹார்ன் அடித்தன. நான் இரண்டு கொடி அசைத்து, புதிதாகச் சீவிய பென்சிலால் கோலுக்கு ஓர் அழகான கோடு போட்டேன். முந்தையதைப் போடவில்லை.

கடைசி நிமிடத்தில் ரெக்ஸ் உதைத்தான். பந்து கம்பத்தில் பட்டது. ஒரு கொடி. சங்கு ஊதியது. 'சமன்! சமன்!' என்று நம் பக்கம் பாதிப் பேர் கத்தினார்கள். ஆடை மாற்றும் கொட்டகைக்குப் பின்னால் நானும் ஆல்வினும் அட்டைகளை ஒப்பிட்டோம். தல்லவின்னா பதினொரு கோல், ஏழு ஓரப்புள்ளி, எழுபத்து மூன்று. அதில் இருவருக்கும் வேறுபாடில்லை. கூரம்பினுக்கு என்னிடம் பத்து கோல், பன்னிரண்டு ஓரப்புள்ளி, எழுபத்திரண்டு. அவரிடம் பதின்மூன்று ஓரப்புள்ளி.

ஆல்வின் என் அட்டையை வாங்கிப் பார்த்தார். "அச்சடிச்ச மாதிரி இருக்கே வாத்தியாரே. என்னுதப் பாரு, கோழி கிளறுன குப்பை. நான்தான் புழுதியில ஒண்ணு கூடப் போட்டிருப்பேன்" என்றார். இன்னொரு தரம் எண்ணிப் பார்ப்போம் என்று நான் முனகினேன். "அட, உங்க ஊரு ஆளு நீயே ஒண்ணு கம்மின்னு சொல்றே. நான் எதுக்குய்யா கூடக் குடுக்கணும்?" என்று சொல்லி, தன் அட்டையில் ஒரு கோட்டை அடித்தார். இருவரும் கையெழுத்துப் போட்டோம். தல்லவின்னாவுக்கு ஒரு புள்ளியில் வெற்றி.

சொந்த ஊருக்கு எதிராக நேர்மையாக எழுதியவன் என்று மாவட்டமே என்னைப் பாராட்டியது. பின்னால் செயலாளர் பதவி வந்ததும் அந்தப் பெயரால்தான். ரெக்ஸுக்கு வேறு பெயர் கிடைத்தது. அன்று மாலை மதுக்கடையில் ஒருவன், "ஏம்ப்பா ரெக்ஸு, கம்பத்தக் கொஞ்சம் நகத்தி நடச் சொல்லியிருந்தா நட்டிருப்போமே" என்றான். "அடுத்த வருசம் நானே நட்டுக்கறேன், உன்னக் கூப்பிடல" என்று ரெக்ஸ் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அவன் கோப்பையை முடிக்காமல் எழுந்து போனதை நான் பார்த்தேன்.

சமன் என்றால் அடுத்த சனிக்கிழமை மறு ஆட்டம். அதற்காக அவன் ஊரில் இருந்திருப்பான். ஆட்டம் முடிந்துவிட்டதால், டார்லிங் ஆற்றுப் பக்கம் ஆட்டுமயிர் கத்தரிக்கும் வேலைக்கு ஞாயிறு காலையே கிளம்பினான். பிற்பகல் மூன்று மணிக்கு வண்டி மரத்தில் மோதியதாகக் காவலர் வந்து சொன்னார். இவை எல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ரெக்ஸின் கடைசி உதை ஆட்டத்தைத் தோற்கடிக்கவில்லை, சமனாக்கியது. அது மட்டும்தான் உனக்குத் தெரியாது.

மூன்றாவது. ஆல்வின் சென்ற பிப்ரவரியில் காலமானார். தொண்ணூற்றொரு வயது. அவருடைய மகள் பழைய காகிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுச் சங்கத்துக்கு அனுப்பினாள். அதில் அந்த அட்டை இருந்தது. மூன்றாம் பகுதியில் அடிக்கப்பட்ட அந்தக் கோடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அதைப் பார்த்த பிறகுதான் பென்சிலும் பேனாக்கத்தியும் எனக்கு நினைவுக்கு வந்தன. பிழை தெரிந்தது அப்போதுதான்.

நான்காவது. அந்தப் பக்கத்தில் இப்படி அச்சிட விரும்புகிறேன்: '1967. சமன். கூரம்பின் கோல் நடுவரின் பிழையால் மறு ஆட்டம் நடக்கவில்லை. கடைசி நிமிடத்தில் ஆட்டத்தைச் சமனாக்கியவர் ரெக்ஸ் ஹாலம்.' தல்லவின்னாவில் அந்த அணியின் மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். ஒருவர் முதியோர் இல்லத்தில், கட்டிலுக்கு மேலே அந்த ஆண்டின் படத்தை மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். அவரிடம் நேரில் போய்ச் சொல்கிறேன். டோனாவிடமும் சொல்கிறேன். ஆனால் இதை அச்சிட்டால், ரெக்ஸ் அன்று பயணம் போயிருக்கவே வேண்டாம் என்று அச்சிட்டதாகிவிடும். அந்தச் சாவு உங்கள் வீட்டுடையது. அதை ஊரார் எடுத்துப் பேசலாமா கூடாதா என்று சொல்ல இப்போது நீ ஒருத்திதான் இருக்கிறாய். ஒரு சொல் எழுதினால் போதும்.

மற்றபடி இங்கே கோதுமை நன்றாக வந்திருக்கிறது. மழைதான் நிற்க மாட்டேன் என்கிறது. உங்கள் பழைய வீட்டில் இப்போது ஓர் இளம் குடும்பம் இருக்கிறது. வாசல் கதவுக்கு நீலச் சாயம் அடித்திருக்கிறார்கள்.

கடிதத்தை மடிக்கும் முன் வழக்கப்படி சரிபார்த்தேன். ஒன்று சரி. இரண்டு சரி. நான்கு சரி. மூன்றாவது தவறு.

அட்டை பிப்ரவரியில் வந்தது உண்மை. பிழை அதற்கும் முன்பே எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை மாலை மதுக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்து, வெள்ளைக் கோட்டைத் துவைக்கப் போடுமுன் பையைத் தட்டினேன். பென்சில் சீவலும் உடைந்த முனையும் மேசையில் விழுந்தன. அப்போதே எல்லாம் தெரிந்துவிட்டது.

ஞாயிறு காலை நான் உங்கள் வாசலுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். ரெக்ஸை வழியனுப்பத்தான் வந்தேன் என்று உன் அம்மா எல்லோரிடமும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. அவன் படுக்கைச் சுருளை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "என்ன வாத்தியாரே, அந்த ஒரு புள்ளியக் கையோட கொண்டாந்துட்டியா?" என்று கேட்டுச் சிரித்தான். நீ படியில் தேநீர்க் குவளையோடு நின்றிருந்தாய். சொல்ல வாயைத் திறந்தேன். மாவட்டமே என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று பயமாக இருந்தது. நீ பார்ப்பாய் என்பது அதைவிடப் பயமாக இருந்தது. "பார்த்துப் போ ரெக்ஸ்" என்று மட்டும் சொன்னேன். கயிற்றின் மறுமுனையை நான்தான் இழுத்துக் கட்டினேன்.

அந்த டிசம்பரில் உன் அம்மாவிடம் உன்னைப் பற்றி ஒரு விஷயம் பேச எண்ணியிருந்தேன். பிறகு நான் ஏன் உங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை என்று நீ ஒருமுறை கடைத்தெருவில் கேட்டாய். விடைத்தாள் திருத்தும் வேலை என்றேன்.

மூன்றாவதை அடித்துத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். அடித்த அட்டை ஒன்று போதும். வேறு தாளில் ஒழுங்காக எழுதத் தொடங்கினால் இதை அனுப்ப மாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. பக்கத்தில் என்ன போட வேண்டும் என்று மட்டும் எழுது. எனக்கு எழுத உனக்கு மனமில்லை என்றால் டோனாவுக்கு எழுது, முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. தாஸ்மேனியாவில் குளிர் இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். எனக்குப் பிறகும் நீண்ட நாள் நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
கிளெமென்ட் டிரெவின்