தபேலாவின் முதல் அடி

வெள்ளிக்கிழமை

துறைமுகத்தடித் தேவாலயத்தின் புது அம்பிளிஃபயரில் தபேலாவின் முதல் அடி மட்டும் கிழிந்து கேட்கிறது என்று, ஒலிக்கருவி திருத்துகிற என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதை விற்ற அன்ரன் அண்ணையும் வந்து, ஒலி எவ்வளவு கெடுகிறது என்று அளக்கும் மீற்றரைக் காட்டினார்.

"பாருங்கோ தங்கச்சி, சுத்தமா இருக்கு."

அவர் அம்பிளிஃபயருக்குக் கொடுத்துப் பார்த்தது ஒரே சீரான விசில் சத்தம்.

"தபேலாக்காரர் விசிலே அடிக்கிறார்?" என்று கேட்டேன். தபேலா அடியைப் போலவே சட்டென்று ஏறி இறங்கும் சதுர அலையைக் கொடுத்தேன். அலையைத் திரையில் வரைந்து காட்டும் என் ஸ்கோப்பில், நேராக நிற்கவேண்டிய அதன் மூலைகள் கோணி நடுங்கின.

"உங்கட ஸ்கோப்தான் பிழை" என்றார். அதை எனக்கு விற்றதும் இதே மனிசன்தான்!

சுவாமியார் அவர் கதையைத்தான் நம்பினார். ஞாயிறு பூசையில் தபேலாவை மெதுவாகத் தட்டட்டுமாம். அம்பிளிஃபயருக்கு நோகுமாம்!